சூரியனை மறைத்துச் சூரியனைக் கண்டவர்

சூரியனைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் ஒன்று எப்போதும் இருக்கிறது. முத்தின் நிறத்தில், இதழ் இதழாக, பல மில்லியன் கிலோமீட்டர் தூரத்துக்கு அது விரிந்திருக்கிறது. வானியலாளர்கள் அதனைக் ‘கொரோனா’ என்று அழைக்கிறார்கள். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘மகுடம்’ என்பது பொருள். சூரியன் அணிந்திருக்கும் இந்த மகுடத்தை நாம் அன்றாடம் காண முடிவதில்லை. அதன் ஒளி, சூரிய வட்டின் ஒளியில் ஏறத்தாழ மில்லியனில் ஒரு பங்குதான். கண்ணைக் கூசச் செய்யும் வெளிச்சத்துக்கு அருகில், மங்கலான ஒளி மறைந்துபோகிறது.

முழுச் சூரிய கிரகணத்தின்போது மட்டும் இந்நிலை மாறும். நிலவு சூரிய வட்டை முழுவதுமாக மூடியதும், கரிய வட்டத்தைச் சுற்றிக் கொரோனா வெளிப்படும். ஆனால், அக்காட்சி சில நிமிடங்களே நீடிக்கும். எவ்வளவு நீண்ட கிரகணமாக இருந்தாலும் எட்டு நிமிடங்களைத் தாண்டாது. அந்தச் சில நிமிடங்களுக்காக வானியலாளர்கள் கருவிகளைக் கப்பலேற்றிக்கொண்டு, உலகின் மறுகோடிக்கும் பயணம் செய்தார்கள். அவ்வேளையில் ஒரு மேகம் குறுக்கிட்டாலும் பல மாத உழைப்பு வீணாகிவிடும்.

கிரகணத்துக்குக் காத்திருக்காமல், விரும்பிய நாளில் கொரோனாவைக் காண வழியே இல்லையா? ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகப் பலர் முயன்று தோற்ற இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் பெர்னார் லியோ என்னும் பிரெஞ்சு வானியலாளர்.

இளமையும் கல்வியும்

பெர்னார் லியோ 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஓர் அறுவை மருத்துவர். லியோ சிறுவனாக இருந்தபோதே தந்தை காலமானார். பள்ளிப் பருவத்திலேயே கருவிகளைச் செய்து பார்ப்பதிலும் இயற்பியலிலும் லியோவுக்கு ஆர்வம் இருந்தது. பிரெஞ்சு மக்களிடையே வானியலைப் பரப்பிய கமில் ஃபிளமாரியோனின் நூல்கள், அவருடைய ஆர்வத்தை வானத்தின் பக்கம் திருப்பின.

எனினும், அவர் கல்லூரியில் பயின்றது வானியல் அன்று, மின்பொறியியல். இதனால் அவர் வானியலில் பின்தங்கிவிடவில்லை. எந்தக் கருவியானாலும் அதன் ஒவ்வொரு பாகத்தையும் ஆராய்ந்து, பிழை எங்கே தோன்றுகிறது என்று கண்டறியும் பழக்கத்தைப் பொறியியல் கல்வி அவருக்கு அளித்தது. பின்னாளில் அவர் அடைந்த வெற்றிக்கு அந்தப் பழக்கமே அடித்தளமாக அமைந்தது.

படிப்பை முடித்ததும், அப்போது பாரிஸில் இருந்த எக்கோல் பாலிடெக்னிக் என்னும் புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் ஆல்ஃபிரட் பெரோ என்ற இயற்பியலாளருக்கு உதவியாளராக லியோ சேர்ந்தார். 1920ஆம் ஆண்டில், பாரிஸுக்கு அருகிலிருக்கும் மெதோன் வானாய்வகத்திலும் பணியாற்றத் தொடங்கினார். வாழ்நாளின் இறுதிவரை அந்த ஆய்வகத்துடன் அவருக்கிருந்த தொடர்பு நீடித்தது.

மெதோன் வானாய்வகத்தை நிறுவியவர் ஜூல்ஸ் ஜான்சன் என்பவர். அவர் 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முழுச் சூரிய கிரகணத்தைக் காண இந்தியாவிலுள்ள குண்டூர் நகருக்கு வந்திருந்தார். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் செந்நிறச் சுடர் நாக்குகளை, கிரகணம் முடிந்த பின்னரும் நிறமாலைக் கருவியின் உதவியால் காணலாம் என்பதை அவர் அங்கேதான் கண்டறிந்தார். ஆகவே, சுடர் நாக்குகளைக் காணும் வழி திறந்துவிட்டது. கொரோனாவின் கதவு மட்டும் மூடியே இருந்தது.

ஒளியை அளந்தவர்

லியோ தொடக்கத்தில் ஆராய்ந்தது சூரியனை அன்று. நிலவும் கோள்களும் எதனால் ஆனவை என்பதை அவற்றின் ஒளியிலிருந்து அறிய முயன்றார்.

ஒளி ஓர் அலை. ஒரு கயிற்றின் நுனியை மரத்தில் கட்டி, மறுநுனியைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினால் கயிற்றில் அலை ஓடும். பக்கவாட்டில் ஆட்டினாலும் அலை ஓடும். சூரியனிலிருந்து வரும் ஒளி இவ்வாறு எல்லாத் திசைகளிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. ஆனால், அது ஒரு பரப்பில் பட்டுத் திரும்பும்போது, ஏதேனும் ஒரு திசையிலுள்ள அதிர்வு மற்றவற்றைவிட ஓங்கிவிடுகிறது. எவ்வளவு ஓங்குகிறது என்பது அந்தப் பரப்பின் தன்மையைப் பொறுத்தது. பாறையில் பட்ட ஒளிக்கும் மணலில் பட்ட ஒளிக்கும் வேறுபாடு உண்டு.

இந்த வேறுபாடு மிக நுண்ணியது. அதனை அளக்க லியோ புதிய கருவி ஒன்றை உருவாக்கினார். ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் அக்கருவி காட்டியது. வானத்தில் நிலவையும் கோள்களையும் அளந்தார், ஆய்வகத்தில் மண், மணல், சாம்பல் முதலிய பொருள்களை அளந்தார், இரண்டையும் ஒப்பிட்டார். நிலவின் தரை எரிமலைச் சாம்பலைப் போன்ற நுண்துகளால் மூடப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1929ஆம் ஆண்டில் இந்த ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1969இல் மனிதர்கள் நிலவில் இறங்கியபோது, அவர்களுடைய காலணிகள் நுண்ணிய தூளில்தான் பதிந்தன.

இந்த வேலையினால் லியோவுக்கு இன்னொரு திறமையும் கைவந்தது. தமக்கு வேண்டிய மங்கலான ஒளியை, வேண்டாத ஒளியிலிருந்து பிரித்தெடுக்க அவர் கற்றுக்கொண்டார். கொரோனாவைத் தேடுவோருக்குத் தேவைப்பட்டதும் அதே திறமைதான்.

பலர் தோற்ற முயற்சி

லியோவுக்கு முன்னர் இந்த முயற்சியில் இறங்கியவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். இங்கிலாந்தின் வில்லியம் ஹக்கின்ஸ் 1882ஆம் ஆண்டு முதல் சூரியனின் சுற்றுப்புறத்தைப் புகைப்படம் எடுத்துப் பார்த்தார். கொரோனா தம் படங்களில் பதிந்துவிட்டது என்று முதலில் நம்பினார். ஆனால், பிறகு வந்த கிரகணத்தின்போது செய்த சோதனைகள் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. 1883ஆம் ஆண்டு சுண்டா நீரிணையில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது உலகெங்கும் பரவிய தூசி வானத்தைக் கெடுத்துவிட்டது என்றும் அவர் கருதினார்.

அமெரிக்காவின் ஜார்ஜ் எல்லெரி ஹேல், பிற்காலத்தில் சூரிய ஆய்வின் முன்னோடியாகப் போற்றப்பட்டவர். அவர் 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் ஏறி முயன்றார். மறு ஆண்டு இத்தாலியின் எட்னா எரிமலையில் ஏறி முயன்றார். இரண்டு இடங்களிலும் தோல்வியே கிடைத்தது.

இத்தகைய அறிஞர்களே தோற்றுவிட்டதால், கிரகணமின்றிக் கொரோனாவைக் காண முடியாது என்ற எண்ணம் வேரூன்றியது. காற்றில் சிதறும் சூரிய ஒளியே இதற்குக் காரணம் என்று பெரும்பாலோர் கருதினர். காற்றை யாராலும் அகற்ற முடியாது. எனவே, முயன்று பயனில்லை என்று பலர் கைவிட்டனர்.

குற்றம் எங்கே இருக்கிறது?

லியோ அந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தொலைநோக்கியில் தெரியும் வேண்டாத ஒளி, உண்மையிலேயே காற்றிலிருந்துதான் வருகிறதா? அல்லது, வேறு இடத்திலிருந்தும் வருகிறதா? இதனை ஊகிக்காமல் அளந்து பார்க்க வேண்டும் என்று அவர் எண்ணினார்.

அளந்து பார்த்தபோது வியப்பான உண்மை புலப்பட்டது. நகரத்துக் காற்றில் மிதக்கும் தூசி ஒளியைச் சிதறடிப்பது உண்மைதான். ஆனால், உயர்ந்த மலைமீது காற்று மிகத் தூய்மையாக இருக்கும் நாள்களில், அந்தச் சிதறல் கொரோனாவை அடியோடு மறைத்துவிடும் அளவுக்கு இல்லை. அங்கே கொரோனாவை மறைத்துக்கொண்டிருந்த பெருங்குற்றவாளி தொலைநோக்கியேதான்!

தொலைநோக்கியின் முன்னே இருக்கும் கண்ணாடி வில்லையில் பல குறைகள் இருந்தன. கண்ணாடிக்குள் சிக்கியிருந்த காற்றுக் குமிழிகள் சூரிய ஒளி பட்டதும் விண்மீன்களைப் போல மின்னின. மெருகேற்றியபோது ஏற்பட்ட கீறல்களும் அவ்வாறே மின்னின. வில்லைமேல் படிந்த தூசி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்தது. வில்லையின் விளிம்பு ஒரு மெல்லிய ஒளி வளையமாக ஒளிர்ந்தது. வில்லையின் இரண்டு பரப்புகளுக்கும் இடையே ஒளி முன்னும் பின்னுமாகப் பட்டுத் திரும்பியதால், நடுவில் ஓர் ஒளிப்புள்ளியும் தோன்றியது. இவை ஒன்றுசேர்ந்து கொரோனாவை மூழ்கடித்தன.

காரணம் தெரிந்துவிட்டதால், லியோ ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வொரு தீர்வைத் தேடினார். குமிழியும் கீறலும் இல்லாத கண்ணாடியைத் தேர்ந்தெடுத்து, மிக நுட்பமாக மெருகேற்றிய ஒற்றை வில்லையை அமைத்தார். குழாயின் உட்சுவரில் எண்ணெய் பூசினார். மிதந்துவரும் தூசி அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டது.

அடுத்து, சூரியனின் பிம்பம் விழும் இடத்தில், அந்தப் பிம்பத்தைவிடச் சற்றே பெரிய வட்டத் தகடு ஒன்றைப் பொருத்தினார். கிரகணத்தின்போது நிலவு செய்யும் வேலையை அந்தத் தகடு செய்தது. தகட்டுக்குப் பின்னால் இரண்டாவது வில்லையை வைத்தார். அது முன் வில்லையின் பிம்பத்தை, விளிம்பின் ஒளி வளையத்தோடும் நடுவிலிருந்த ஒளிப்புள்ளியோடும் சேர்த்து, ஓரிடத்தில் விழச் செய்தது. அங்கே, துளையுள்ள ஒரு தடுப்பை வைத்து வளையத்தை மறைத்தார். சிறிய திரை ஒன்றால் நடுப்புள்ளியை மறைத்தார். எஞ்சி வந்த ஒளியை மூன்றாவது வில்லை ஒன்றுசேர்த்துக் காட்சியாக்கியது.

‘கொரோனாகிராஃப்’ என்ற கருவி இவ்வாறு பிறந்தது. சூரியனை மட்டும் ஒரு தகட்டால் மறைத்திருந்தால் அது முந்தைய முயற்சிகளைப் போலவே தோற்றிருக்கும். கருவிக்குள்ளேயே உருவாகும் ஒளியையும் மறைத்ததுதான் லியோ செய்த புதுமை.

மலை உச்சியில்

கருவி மட்டும் இருந்தால் போதாது. தூய்மையான காற்றும் வேண்டும். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே பிரினி மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதில் பிக் டு மிடி என்னும் சிகரம் ஏறத்தாழ 2,870 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் உச்சியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓர் ஆய்வகம் அமைக்கப்பட்டிருந்தது. லியோ அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இன்று அச்சிகரத்துக்குக் கம்பிவட ஊர்தியில் சில நிமிடங்களில் சென்றுவிடலாம். லியோவின் காலத்தில் அந்த வசதி இல்லை. மலைப்பாதையில் நடந்துதான் மேலே செல்ல வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி பனி மூடியிருக்கும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. கனமான கருவிகளை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுசெல்வதும், அங்கே தங்கி நாள் முழுவதும் வேலை செய்வதும் எளிதல்ல. ஒருமுறை முன் வில்லையில் ஒரு கீறல் விழுந்தாலும் எல்லா உழைப்பும் பாழாகிவிடும்.

1930ஆம் ஆண்டுக் கோடையில் லியோ தம் கருவியைச் சூரியனை நோக்கித் திருப்பினார். கிரகணம் இல்லாத நாளில், பகல் வெளிச்சத்தில், கொரோனாவின் ஒளியை அவர் பிரித்தறிந்தார். மறு ஆண்டு, 1931இல், மேம்படுத்தப்பட்ட கருவியைக் கொண்டு கொரோனாவைப் புகைப்படமும் எடுத்தார்.

ஐயத்துக்கு விடை

ஹக்கின்ஸும் தம் படத்தில் கொரோனா பதிந்துவிட்டதாக நம்பியவர்தானே? லியோ கண்டதும் சிதறிய ஒளியாக இருக்கலாம் என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்தைப் பிறர் எழுப்பும்வரை லியோ காத்திருக்கவில்லை. தமது காட்சியைத் தாமே பல வழிகளில் சோதித்தார்.

முதல் சோதனைக்கு அவருடைய பழைய திறமை கைகொடுத்தது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள வானத்தில் சிதறும் ஒளியில், எந்தத் திசை அதிர்வும் குறிப்பிடத்தக்க அளவு ஓங்கியிருப்பதில்லை. கொரோனாவின் ஒளியோ அப்படிப்பட்டதன்று. அங்குள்ள மின்னணுக்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும்போது ஒரு திசை அதிர்வு ஓங்கிவிடுகிறது. லியோவின் அளவைக் கருவி அந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது.

இரண்டாவது சோதனை நிறமாலை. கொரோனாவின் ஒளியைப் பிரித்தால், அதில் பச்சைநிறக் கோடு ஒன்று தனித்துத் தெரியும் என்பதைக் கிரகணங்களின் மூலம் வானியலாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். பூமியின் காற்றில் சிதறும் ஒளியில் அக்கோடு இருக்க முடியாது. லியோவின் கருவியில் அந்தப் பச்சைக் கோடு தெரிந்தது. மேலும், கொரோனாவில் தெரிந்த வடிவங்கள், சூரியன் தன்னைத்தானே சுற்றுவதற்கு ஏற்ப நாளுக்கு நாள் இடம் மாறின. கருவியின் குறையால் தோன்றிய ஒளி இவ்வாறு சூரியனோடு சேர்ந்து சுற்றாது.

இவற்றுக்குப் பிறகு ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஆல்ப்ஸ் மலையில் சுவிட்சர்லாந்து வானியலாளர்களும், ராக்கி மலையில் அமெரிக்க வானியலாளர்களும் கொரோனாகிராஃப்களை நிறுவத் தொடங்கினார்கள்.

ஒரு பெரும் புதிரைத் தீர்க்கவும் லியோவின் அளவீடுகள் உதவின. அந்தப் பச்சைக் கோடு, பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. எனவே, அது ‘கொரோனியம்’ என்ற புதிய தனிமத்திலிருந்து வருகிறது என்று சிலர் கருதிவந்தார்கள். லியோ கொரோனாவின் நிறக்கோடுகளை மிகத் துல்லியமாக அளந்தார். புதிய கோடுகளையும் கண்டுபிடித்தார். ஜெர்மனியின் குரோட்ரியனும் சுவீடனின் எட்லனும் 1939 முதல் 1940களின் தொடக்கம் வரை செய்த ஆய்வுகளில் உண்மை வெளிப்பட்டது. அந்தக் கோடுகள் இரும்பு போன்ற நமக்குத் தெரிந்த தனிமங்களிலிருந்தே வந்தன. கடும் வெப்பத்தால், அந்த இரும்பு அணுக்கள் தம் மின்னணுக்களில் பலவற்றை இழந்திருந்தன. அதற்கு ஒரு மில்லியன் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க, அதற்கு மேலே இருக்கும் கொரோனா அதைவிட நூறு மடங்குக்கும் மேலாகக் கொதிக்கிறது என்ற செய்தி அறிவியல் உலகை வியப்பில் ஆழ்த்தியது. அதன் முழுக் காரணத்தை அறியும் ஆய்வு இன்றும் தொடர்கிறது.

அசையும் சூரியன்

ஒரு படம் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். சூரியனின் விளிம்பில் நிகழும் மாற்றங்களைத் தொடர்ந்து காண லியோ விரும்பினார். அதற்காகத் திரைப்படக் கருவியைக் கொரோனாகிராஃபுடன் இணைத்தார். குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒவ்வொன்றாகப் படங்களை எடுத்து, பின்னர் அவற்றை வேகமாக ஓட்டிக் காட்டினார். மணிக்கணக்கில் நிகழ்ந்தவை சில நிமிடங்களில் கண்முன் விரிந்தன. சூரியனின் சுடர் நாக்குகள் எழுவதையும், வளைவதையும், மீண்டும் கீழே பொழிவதையும், சில வேளைகளில் அறுந்து மேலே பறப்பதையும் மக்கள் திரையில் கண்டார்கள்.

வேண்டிய ஒரே நிறத்தை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டி ஒன்றையும் அவர் வடிவமைத்தார். குவார்ட்ஸ் படிகத் தகடுகளை, ஒவ்வொன்றும் முந்தையதைவிட இருமடங்கு தடிமனாக இருக்கும்படி அடுக்கி அதனைச் செய்தார். இன்றும் அது ‘லியோ வடிகட்டி’ என்றே அழைக்கப்படுகிறது.

1939ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1947இல் அமெரிக்காவின் புரூஸ் பதக்கமும் அவரைத் தேடி வந்தது.

இறுதிப் பயணம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. அந்தக் கடினமான ஆண்டுகளிலும் பிக் டு மிடியில் ஆய்வு நிற்கவில்லை. லியோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அங்கிருந்து கோள்களைக் கண்காணித்து, அக்காலத்தின் மிகத் தெளிவான கோள் படங்களுள் சிலவற்றை எடுத்தார்கள்.

கிரகணம் இல்லாமலேயே கொரோனாவைக் காண வழிகாட்டிய லியோ, கிரகணங்களை ஒதுக்கிவிடவில்லை. கொரோனாகிராஃப் சூரியனை ஒட்டிய பகுதியை நன்றாகக் காட்டும். தொலைவில் விரியும் மங்கலான இதழ்களைக் காண, பூமியிலிருப்பவர்களுக்குக் கிரகணமே சிறந்த வாய்ப்பு. தம் கருவியின் எல்லையை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1952ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண, அவர் சுடான் நாட்டின் கார்ட்டூம் நகருக்குச் சென்றார். கிரகண ஆய்வு முடிந்து, எகிப்து வழியாகத் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 2ஆம் நாள் கெய்ரோ நகருக்கு அருகில் இரயிலில் சென்றுகொண்டிருந்தபோது, மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

அவர் காணாத காட்சி

லியோ மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய அடிப்படைக் கருத்தைக் கொண்டு உருவாக்கப்பட்ட கொரோனாகிராஃப் ஒன்று ஓஎஸ்ஓ-7 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் விண்வெளிக்குச் சென்றது. விண்வெளியில் காற்று இல்லை. ஆகவே, சிதறலும் இல்லை. 1971ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கருவி எடுத்த படங்களில் வியப்பூட்டும் ஒரு நிகழ்வு பதிந்திருந்தது. கொரோனாவின் ஒரு பகுதி சூரியனிடமிருந்து பிய்த்துக்கொண்டு விண்வெளிக்குள் பாய்ந்து சென்றது. இந்நிகழ்வு ‘கொரோனாப் பொருள் வெளியேற்றம்’ எனப்படுகிறது.

ஒரு வெளியேற்றத்தில் பில்லியன் கணக்கான டன் மின்னூட்டப் பொருள், காந்தப் புலத்தையும் சுமந்துகொண்டு புறப்படுகிறது. பொதுவாக அதில் மூன்று பகுதிகள் தெரியும். முன்னே ஒளிரும் வளைவு ஒன்று செல்லும். அதனை அடுத்து, இருண்ட குழிவு ஒன்று இருக்கும். அதற்குள் ஒளிமிக்க நடுப்பகுதி ஒன்று தெரியும். அந்த நடுப்பகுதி பெரும்பாலும், சூரியனிலிருந்து அறுந்துவந்த சுடர் நாக்கின் பொருளே. லியோ திரைப்படமாக எடுத்த அதே சுடர் நாக்குகள்தாம் இவை.

இத்தகைய வெளியேற்றம் பூமியை நோக்கி வந்தால் தீங்கு நேரலாம். 1989ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் ஏற்பட்ட காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின்சாரம் தடைப்பட்டது. ஏறத்தாழ ஆறு மில்லியன் மக்கள் பல மணி நேரம் இருளில் தவித்தார்கள். செயற்கைக்கோள்கள், வானொலித் தொடர்பு, வழிகாட்டும் கருவிகள் ஆகியவையும் பாதிக்கப்படலாம்.

வெளியேற்றம் பூமியை அடைய, பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகும். மிக வேகமானவை ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும். அந்த இடைவெளிக்குள் எச்சரிக்கை செய்ய வேண்டும். எனவே, வானியலாளர்கள் அடுத்தடுத்த படங்களில் வெளியேற்றத்தின் முன் விளிம்பு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். தூரத்தையும் நேரத்தையும் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால், படம் தட்டையானது. பொருள் நம்மை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்பதை ஒரு படத்திலிருந்து அறிவது கடினம். இங்கே லியோவின் முதல் ஆராய்ச்சி மீண்டும் உதவுகிறது. ஒளியின் ஒரு திசை அதிர்வு எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று அளந்தால், அந்தப் பொருள் படத்தின் தளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கணிக்கலாம்.

1995ஆம் ஆண்டு ஏவப்பட்ட சோஹோ விண்கலம், கொரோனாகிராஃபின் மூலம் ஆயிரக்கணக்கான வெளியேற்றங்களைப் பதிவுசெய்துள்ளது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியும் ஒரு கொரோனாகிராஃபே. விண்கலம் ஏவப்பட்டபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர், தமிழகத்தின் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி. பூமியிலிருந்து ஏறத்தாழ 1.5 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில் நின்று, அக்கருவி சூரியனை நோக்குகிறது. லியோ மலை உச்சியில் கண்ட அதே பச்சைக் கோட்டையும் அது ஆராய்கிறது.

நிலவிலும் செவ்வாயிலும் உள்ள பெருங்குழிகள் சில, லியோவின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. எனினும், அவருடைய பெயர் அதிகமாக ஒலிப்பது ஆய்வுக்கூடங்களில்தான். கொரோனாகிராஃபுக்குள் விளிம்பின் ஒளி வளையத்தை மறைக்கும் அந்தச் சிறிய தடுப்பை, பொறியாளர்கள் இன்றும் ‘லியோ தடுப்பு’ என்றே சொல்கிறார்கள். வேறு விண்மீன்களைச் சுற்றும் மங்கலான கோள்களைத் தேடும் தொலைநோக்கிகளிலும் அத்தடுப்பு இடம்பெறுகிறது. குற்றம் வானத்தில் இருக்கிறது என்று பிறர் கருதிய வேளையில், தம் கையிலிருந்த கருவியை முதலில் சோதித்துப் பார்த்த ஒரு பொறியாளரின் பொறுமை, இவ்வாறு இன்றும் பயன் தந்துகொண்டிருக்கிறது.